நுவரெலியாக் குளிரும் எஞ்சின் ஒயிலும்

போத்தலுக்குள் உறைந்த எண்ணெய்

ஜனவரி மாதத்தில் நுவரெலியாவில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமென்றால் முதலில் போத்தலை அடுப்பருகே கொண்டுபோய் வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக இறுகிப்போயிருக்கும்; போத்தலைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒரு சொட்டு வராது. கொழும்பில் அதே எண்ணெய் வருடம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பனியில் நனைந்தபடி வாசலில் நிற்கும் வானைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வருவது இயல்பு. எஞ்சினுக்குள் இருப்பதும் எண்ணெய்தானே, அதுவும் உறைந்துபோகாதா?

சந்தேகத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் சாவியைத் திருப்பியதும் பட்டென்று எடுத்த வண்டி, இன்று காலை இழுத்து இழுத்து முனகுகிறது. உடனே கராஜில் விவாதம் தொடங்கிவிடும். "குளிருக்கு நல்ல கெட்டி ஒயிலா ஊத்துங்க பாஸ்" என்பார் ஒருவர். "மெல்லிசா ஊத்தினாத்தான் காலையில எடுக்கும்" என்பார் இன்னொருவர். இந்த வழக்கைத் தீர்க்க, எண்ணெய் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் உறைவதைப் பற்றிய பயத்தைப் போக்கிவிடலாம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, லோரிக் அமிலம் என்ற ஒரே வகைக் கொழுப்பமிலம். ஒரே அச்சில் வார்த்த மூலக்கூறுகள் என்பதால், வெப்பநிலை 24 பாகை செல்சியஸை ஒட்டி இறங்கியதுமே அவை வரிசையாக அடுக்கிக்கொண்டு கட்டியாகிவிடுகின்றன. மசகு எண்ணெயிலிருந்து எடுக்கும் எஞ்சின் ஒயிலோ பல அளவும் பல வடிவமும் கொண்ட மூலக்கூறுகளின் கலவை. அவை எளிதில் அடுக்கிக்கொள்ளா. உறையக்கூடிய மெழுகைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். மிச்ச மெழுகின் பளிங்குகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாதிருக்க ஒரு மருந்தும் சேர்க்கிறார்கள். கடையில் வாங்கும் சாதாரண ஒயில்கூடப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் நகர்ந்துகொண்டிருக்கும்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் காற்றின் வெப்பநிலை நான்கைந்து பாகை வரை இறங்கும். புல் நுனியும் தேயிலைக் கொழுந்தும் தங்கள் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு வீசிவிடுவதால் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துபோகின்றன. அதனால்தான் விடிகாலையில் புல்தரை வெள்ளையாக உறைபனி போர்த்துக் கிடக்கிறது, கொழுந்து கருகுகிறது. மூடிய பொனட்டுக்குக் கீழே இருக்கும் ஒயிலுக்கு இந்தக் கதி வராது. அது காற்றின் வெப்பநிலையை ஒட்டியே, ஏறக்குறைய 5 பாகையில் நிற்கும். உறையாது; ஆனால் தடித்துப்போகும். காலை முனகலின் கதை இந்தத் தடிப்பில்தான் தொடங்குகிறது.

உலோகம் மிதக்கிறது

எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு பழைய ரயில் கதை உண்டு. ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் ரயில் வந்து சேர்ந்தது. மலையகத்தில் தண்டவாளம் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சுகளைத் தாங்கும் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் நனையும்படி வைத்து, மேலே பாரம் ஏற்றிச் சோதித்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மர ஆப்பு அடித்தார், அதுவும் வந்துவிட்டது. 1883இல் வெளியான அவருடைய அறிக்கை, அச்சுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் மிகுந்த அழுத்தத்தில் இருக்கிறது என்பதைக் காட்டியது.

1886இல் ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ் இதற்குக் காரணம் சொன்னார். சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போய், ஒடுங்கும் இடைவெளிக்குள் திணிக்கிறது. நெரிபட்ட எண்ணெயின் அழுத்தமே அச்சின் பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. உங்கள் வானின் கிராங்க் தண்டுக்கும் இதே விதிதான். எஞ்சின் ஓடும்போது அங்கே உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே, தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்கு அளவே உள்ள எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது.

இந்தப் படலத்துக்கு இரண்டு ஆபத்துகள். எண்ணெய் மிகத் தடித்திருந்தால் ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் வேண்டிய இடத்துக்கு வந்து சேரப் பிந்தும். மிக மெலிந்திருந்தால் பாரம் கூடும்போது படலம் அறுந்துவிடும். காலையில் ஒன்று, ஏற்றத்தில் மற்றது.

தண்ணீரை ஒன்று என வைத்தால்

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தைப் பாடநூல்கள் பிசுக்குமை என்று சொல்கின்றன. அறை வெப்பநிலையில் தண்ணீரின் பிசுக்குமையை 1 என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்களை எல்லாம் 'தண்ணீரைவிட இத்தனை மடங்கு' என்று படித்தால் போதும்.

எல்லா எண்ணெயும் சூட்டில் மெலியும், குளிரில் தடிக்கும். ஆனால் இந்த மாற்றம் ஒரே சீராக நடப்பதில்லை. 100 பாகையிலிருந்து 90க்கு இறங்கும்போது தடிப்பு சிறிதளவே கூடும். 15இலிருந்து 5க்கு இறங்கும்போது அதே பத்துப் பாகை எண்ணெயை ஏறக்குறைய இரட்டிப்பாகத் தடிக்க வைத்துவிடும். குளிர்ப்பக்கம் போகப் போக ஒவ்வொரு பாகையும் கனக்கிறது.

டின்னில் உள்ள இரண்டு எண்கள்

ஒயில் டின்னைத் திருப்பிப் பாருங்கள். 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்பது போல ஒன்று பெரிதாக அச்சாகியிருக்கும். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியியலாளர் சங்கம் 1911இல் தொடங்கிய தர வரிசை இது. டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். முதல் எண் குளிருக்கு, இரண்டாம் எண் சூட்டுக்கு.

இந்த எண்கள் பாகைகள் அல்ல. தரத்தின் பெயர்கள் மட்டுமே. முதல் எண்ணைக் கொடுக்கும்முன் ஆய்வுகூடத்தில் எண்ணெயைக் குளிரவைத்து, அதற்குள் எஞ்சினைச் சுழற்ற முடியுமா, பம்பினால் அதை இழுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். எஞ்சின் சுழலும் சோதனையை 20டபிள்யூ பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையிலும், 15டபிள்யூ கீழே 20 பாகையிலும், 10டபிள்யூ 25இலும், 5டபிள்யூ 30இலும், 0டபிள்யூ 35இலும் தாண்ட வேண்டும். எண் சிறிதாகச் சிறிதாகக் கடுங்குளிரைத் தாங்கும் என்று பொருள். இரண்டாம் எண், எஞ்சின் நன்றாகச் சூடேறிய 100 பாகையில் எண்ணெய் எவ்வளவு தடிப்பு என்பதைச் சொல்கிறது. 20 என்றால் தண்ணீரைவிட ஏழு முதல் ஒன்பது மடங்கு, 30 என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு மடங்கு, 50 என்றால் பதினாறு முதல் இருபத்திரண்டு மடங்கு.

ஒரே எண்ணெய்க்கு இரண்டு குணமும் எப்படி வருகிறது? பல்பகுதியம் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை அதில் கரைக்கிறார்கள். குளிரில் அவை சுருண்டு ஒதுங்கிக் கிடக்கும். சூடேறும்போது விரிந்து நீண்டு எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்கும். அதனால் சூட்டில் எண்ணெய் மெலியும் வேகம் குறைகிறது.

இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். நுவரெலியாவில் எந்த இரவும் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக்குப் போவதில்லை. அப்படியானால் கடையில் உள்ள எந்த ஒயிலும் இங்கே தேறிவிடுமே, முதல் எண்ணைப் பார்த்து என்ன பயன்? டொரொன்டோவில் இருக்கும் சொந்தக்காரருக்கு இந்தச் சோதனை உயிர்நாடி. அங்கே மாசி மாதத்துக் காலையில் 20டபிள்யூ ஊற்றிய வண்டி எடுக்காமலே போகலாம். நமக்கு அது தேர்ச்சியா தோல்வியா என்ற பிரச்சினையல்ல. எவ்வளவு சுலபம் என்ற பிரச்சினை. அந்த அளவை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம்.

ஒரு வான், இரண்டு காலைகள்

ஒரு வானில் 20டபிள்யூ-50 ஒயில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை அந்தத் தர ஒயில்களுக்கு வழக்கமாகக் காணப்படும் அளவுகள். கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும்.

வான் கொழும்பில் நிற்கிறது. வெயில் ஏறிய காலை; வெப்பநிலை 30 பாகை. ஒயிலின் தடிப்பு தண்ணீரைவிட ஏறக்குறைய 290 மடங்கு. அதே வான் அன்றிரவே நுவரெலியாவுக்கு வந்து நிற்கிறது. மறுநாள் காலை 5 பாகை. இப்போது தடிப்பு ஏறக்குறைய 1,600 மடங்கு. எஞ்சின் சூடேறி 100 பாகையை எட்டினால் 18 மடங்கு. ஓடும் எஞ்சினில் 18 ஆக இருக்கும் ஒன்று, குளிர்ந்த காலையில் 1,600 ஆக நிற்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் முனகுவதில் வியப்பில்லை. கொழும்பில் சுழற்றியதைவிட ஐந்து மடங்குக்கு மேல் தடித்த எண்ணெய்க்குள் அது எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது.

இனி ஒயிலை மாற்றி 5டபிள்யூ-30 ஊற்றுவோம். 5 பாகையில் இதன் தடிப்பு ஏறக்குறைய 370 மடங்கு. 100 பாகையில் பத்தரை மடங்கு. 370ஐயும் 290ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5டபிள்யூ-30 ஊற்றிய வானுக்கு நுவரெலியாவின் ஜனவரிக் காலை, 20டபிள்யூ-50 ஊற்றிய வானுக்குக் கொழும்புக் காலை எப்படியோ, ஏறக்குறைய அப்படித்தான்.

அதே 5 பாகையில் 15டபிள்யூ-40 இந்த இரண்டு ஒயில்களுக்கும் நடுவே, 850 மடங்கை ஒட்டி நிற்கும். 10டபிள்யூ-30 என்றால் 500.

இந்த வித்தியாசம் எஞ்சினுக்குள் மூன்று இடங்களில் தெரியும். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழலும். ஒயில் பம்பிலிருந்து எஞ்சின் தலை வரை எண்ணெய் சீக்கிரம் ஏறும். காலையில் முதல் சில நொடிகள் மேலே கேட்கும் 'டக் டக்' சத்தம் எண்ணெய் இன்னும் வந்து சேராததன் அறிகுறி. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. எண்ணெய் தடித்துப்போய் ஒயில் பில்டரைத் தாண்ட முடியாமல் அழுத்தம் கூடினால், பட்டினி கிடப்பதைவிட அழுக்கு எண்ணெயே மேல் என்று பில்டரில் உள்ள ஒரு சிறு வால்வு திறந்து, வடிக்காத எண்ணெயை எஞ்சினுக்கு விட்டுவிடும். தடித்த ஒயிலில் இது அடிக்கடி நடக்கும்.

ஆக, குளிருக்குக் கெட்டி ஒயில் என்றவர் காலை வழக்கில் தோற்றுவிட்டார்.

முனகலில் பற்றரியின் பங்கு

பழி முழுவதையும் ஒயில் மீது போடவும் கூடாது. பற்றரிக்குள் நடப்பது இரசாயனத் தாக்கம். குளிரில் அது மந்தமாகும். எஞ்சின் அதிக பலம் கேட்கும் காலையில்தான் பற்றரி குறைந்த பலத்தைத் தருகிறது. கொழும்பில் இன்னும் ஆறு மாதம் ஓடக்கூடிய பழைய பற்றரி நுவரெலியாவில் ஒரே இரவில் காலைவாரிவிடுவது இதனால்தான்.

டீசல் வண்டிக்குச் சிக்கல் இரட்டிப்பு. டீசலைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே பற்றவைக்க வேண்டும். தடித்த ஒயிலால் எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் காற்று போதிய சூடு பெறாது. போதாததற்கு, நுவரெலியாவில் காற்றின் அழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பி, சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்தால் ஹீற்றர் பிளக் அந்தக் குறையை ஈடுசெய்துவிடும். அதற்கு ஆகும் நேரம் சில நொடிதான்.

ஏற்றத்தில் இரண்டாம் எண்

மலையகத்து வண்டியின் நாள் குளிரில் தொடங்கினாலும் குளிரிலேயே முடிவதில்லை. கம்பளை ஐந்நூறு மீற்றருக்குக் குறைவான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை வழியாகச் சுமார் அறுபது கிலோமீற்றரில் நுவரெலியாவுக்கு 1,400 மீற்றர் ஏற வேண்டும். ஆட்களோடு இரண்டு தொன் எடையுள்ள ஒரு வானை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் இரண்டு லீற்றருக்கு மேல் டீசல் செலவாகும். சாதாரண ஓட்டத்துக்கு ஆவது வேறு. அந்த எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகவே போகிறது. இரண்டாம் கியரில், மெதுவாக, முழுப் பாரத்தோடு. ரேடியேட்டரைத் தழுவும் காற்றும் குறைவு. வெளியே குளிர் உறைத்தாலும் உள்ளே ஒயில் 100 பாகையைத் தாண்டி 120, 130 வரை ஏறலாம்.

130 பாகையில் 20டபிள்யூ-50 ஒன்பதரை மடங்குத் தடிப்போடு நிற்கும். 5டபிள்யூ-30 ஆறு மடங்குக்கு இறங்கியிருக்கும். 5டபிள்யூ-30க்காக வடிவமைத்த எஞ்சினுக்கு அந்த ஆறு போதும். அதன் பேரிங் இடைவெளிகளும் பம்பும் அதற்கேற்றபடி செய்யப்பட்டவை. 50 கேட்கும் பழைய எஞ்சினுக்கு அது போதாது. ஓட்டோ எஞ்சின்கள் பலவற்றுக்கு ரேடியேட்டர் இல்லை. காற்றுதான் குளிர்விக்க வேண்டும். கொழுந்து மலைகளின் ஒடுங்கிய பாதையில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஏறும்போது வெப்பத்தின் ஒரு பகுதியை ஒயிலும் சுமக்க வேண்டியிருக்கிறது. அவற்றுக்கு 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயிலைச் சொல்லியிருப்பது காரணமில்லாமல் அல்ல.

எனவே கெட்டி ஒயில்காரரின் பேச்சில் பாதி நியாயம் உண்டு. அவர் குளிருக்கு என்று சொன்ன காரணம் பிழை. ஏற்றத்துக்கு என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

இறக்கத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. கினிகத்தேனைப் பக்கம் கீழ்க் கியரில் நெடுநேரம் இறங்கி, கீழே வந்து அக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை கக்கினால், தேய்ந்த பிஸ்டன் வளையங்களும் சீல்களும் எண்ணெயை உள்ளே விடுகின்றன என்று அர்த்தம். அந்த எஞ்சினுக்கு மெல்லிய ஒயில் பொருந்தாது.

மூன்று கிலோமீற்றர் ஓட்டம்

மலையகத்தில் எஞ்சின் ஒயிலை உண்மையில் கெடுப்பது வேறொன்று. தோட்டத்திலிருந்து டவுனுக்கு மூன்று கிலோமீற்றர். பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, மரக்கறி வாங்கி, திரும்பி வந்து நிறுத்தியாகிவிட்டது. எஞ்சின் சூடேறவே இல்லை.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. பெற்றோலில் உள்ள ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்வதால் வரும் நீர் அது. காலையில் சைலன்சரில் சொட்டுவது அதில் ஒரு பகுதி. பெரும்பாலானது ஆவியாக வெளியே போய்விடும். சிறிதளவு பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஒயிலுக்குள் இறங்கும். நீண்ட ஓட்டத்தில் ஒயில் சூடேறி இந்த நீரை ஆவியாக்கி விரட்டிவிடும். குறுகிய ஓட்டத்தில் நீர் அங்கேயே தங்கி, ஒயிலோடு கலந்து களிம்பாகும்.

இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, விரலில் வழுக்கும் களிம்பு படிந்திருந்தால் உங்கள் எஞ்சின் சூடேறுவதே இல்லை. அரை மணி நேரம் நல்ல ஓட்டம் ஓடியும் களிம்பு மறையாவிட்டால், அல்லது ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், கெஸ்கட் பழுதாகியிருக்கலாம். கராஜில் காட்ட வேண்டும். மறைந்துவிட்டால் பயமில்லை. ஆனால் கிலோமீற்றர் கணக்கை நம்பி ஒயில் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. வண்டி குறைவாக ஓடினாலும் ஒயில் கெடுகிறது. கையேட்டில் 'இத்தனை கிலோமீற்றர் அல்லது இத்தனை மாதம்' என்று இருந்தால், தோட்டத்து வண்டிக்கு மாதக் கணக்கே பொருந்தும்.

எதை வாங்குவது?

முதலில் கையேட்டைப் பாருங்கள். யப்பானிலிருந்து பாவித்த வண்டியாக வந்து கையேடு யப்பான் மொழியில் இருந்தால், ஒயில் மூடியைப் பாருங்கள். பல வண்டிகளில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று அதிலேயே பொறித்திருக்கும். ஹைபிரிட் கார்கள் ஓட்டத்தினிடையே எஞ்சினைப் பல தடவை நிறுத்தி மீண்டும் எடுப்பவை. அவை கேட்கும் 0டபிள்யூ-20ஐ, தண்ணி மாதிரி இருக்கிறதே என்று பயந்து தடித்ததாக மாற்ற வேண்டாம்.

கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட தரங்களை அனுமதித்தால், இரண்டாம் எண்ணைக் குறைக்காமல் முதல் எண் சிறியதை எடுங்கள். 15டபிள்யூ-40, 10டபிள்யூ-40 இரண்டும் பொருந்தும் என்றால் மலைநாட்டில் 10டபிள்யூ-40 நல்லது. காலையில் சுலபம், ஏற்றத்தில் குறைவில்லை. டீசலுக்கு டீசல் தர ஒயில், புகைக்கரியைத் தாங்கும் மருந்து சேர்த்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ எம்.ஏ. என்ற குறியுள்ளது. அதன் கிளச் ஒயிலிலேயே நனைந்து ஓடுவதால், வழுக்கும் மருந்து சேர்த்த கார் ஒயில் கிளச்சை நழுவ வைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்ததும் அக்சிலேட்டரை முறுக்கி உறும விடாதீர்கள். அரை நிமிடம் பொறுத்து, மெதுவாகப் புறப்படுங்கள். வாசலிலிருந்தே செங்குத்து ஏற்றம் தொடங்கும் தோட்டத்துப் பாதை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுங்கள்.

நுவரெலியாக் குளிர் எந்த எஞ்சின் ஒயிலையும் உறைய வைக்காது. சரியான தரமும் காலம் தவறாத மாற்றமும் இருந்தால், இங்கே ஓடும் எஞ்சினுக்குக் கொழும்பில் ஓடும் எஞ்சினைவிட ஆயுள் குறைய வேண்டிய காரணம் எதுவும் இல்லை.